அந்த ஒரு மணித்தியாலம் யானைகள் ஏன் நின்றன

தம்பிமாரே, தங்கச்சிமாரே,

போன கிழமை பிரியாவிடைக்கு என்னைக் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, மைக்கையும் கையில் தந்தீர்கள். பதினேழு வருடம் உங்களைப் போல சுற்றுலா ஜீப்புக்குள் இருந்து வாய் ஓயாமல் கதைத்தவன் நான். குமணையில் கொக்கைக் காட்டியும் கதைத்தேன், பொத்துவில் களப்பில் முதலையைத் தேடியும் கதைத்தேன். அப்படிப்பட்டவனுக்கு அந்த மைக்கைக் கண்டதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. "எல்லாருக்கும் நன்றி, சாப்பிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். எழுத்தென்றால் நடுவில் கைதட்டி யாரும் குழப்ப மாட்டீர்கள்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உங்களில் ஒருவர் கைபேசியை, நாம் கூடியிருந்து சாப்பிட்ட சஹன் தட்டுக்கு மேலேயே நீட்டி ஒரு வீடியோ காட்டினீர்கள். யார் என்று எழுத மாட்டேன், வெட்கப்படுவார். ஒரு குளக்கட்டு, கட்டுக்கு உட்பக்கம் பத்துப் பதினைந்து யானைகள், ஒன்றும் அசையவில்லை. "நாப்பது நிமிஷம் காக்கா! நம்மளையே பாத்துக்கிட்டு நிண்டிச்சு. நம்மட ஜீப்புக்குப் பழகிட்டுது" என்று மூத்த அண்ணனான என்னிடம் சொன்னீர்கள். மாஷா அல்லாஹ், அந்த முகத்தில் என்ன ஒரு சந்தோஷம்! நான் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டேன். கோபமா என்று கேட்டால் கோபம்தான், ஆனால் உங்கள் மேல் அல்ல. அதே முகத்தோடு அதே கதையை நானும் சொல்லியிருக்கிறேன். அதுவும் ஒரு மிருக வைத்தியருக்கு முன்னால்.

என்னைத் தெரியாத புதியவர்களுக்காகச் சொல்கிறேன், நான் சாய்ந்தமருதுக்காரன். எங்கள் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். எனக்கு அலையில் தலை சுற்றும், அதனால் மீன் லொறி ஓட்டினேன். பிறகு மீனை இறக்கிவிட்டு மனிதரை ஏற்றத் தொடங்கினேன். கடற்கரையில் பிறந்தவன் காட்டுக்கு வழிகாட்டப் போகிறானாம் என்று ஊரே சிரித்தது. முதல் வருடம் சிரிக்கிற மாதிரித்தான் இருந்தது. களப்பில் ஒரு குழுவுக்குப் பத்து நிமிஷமாக ஒரு முதலையைப் பற்றி விளக்கினேன். அதன் வயது என்ன, அது ஏன் வாயைத் திறக்காமல் வெயில் காய்கிறது, எல்லாம் சொன்னேன். கடைசியில் தோணிக்காரர் பொறுக்க முடியாமல் தள்ளுகோலால் அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். டொக் என்றது. மரக்கட்டை. அவர்கள் சிரித்த சிரிப்பில் தோணி கவிழப் பார்த்தது. இந்த மாதிரிப் பிழைக்கு வெட்கப்பட்டால் போதும், தானாகச் சரியாகிவிடும். வெட்கப்பட்டால் மட்டும் போதாத பிழையும் இந்தத் தொழிலில் உண்டு.

சம்மாந்துறைக்கு மேற்கே வயல்வெளி முடிகிற இடத்தில் ஒரு குளம் இருக்கிறது. எந்தக் குளம் என்று உங்களுக்குத் தெரியும். சிறுபோக அறுவடைக் காலத்தில் மற்றக் குளங்கள் வற்றிவிடும், யானைகள் இதற்கு வரும். தண்ணீர் குடித்து, கரையில் புல் மேய்ந்து, பொழுதுபடுகிற நேரம் குளக்கட்டில் தாழ்ந்துபோன ஓரிடத்தால் ஏறி மறுபக்கக் காட்டுக்குப் போகும். அந்த இடத்தைக் கடவை என்போம். கடவையில் ஜீப்பை நிறுத்தினால் முழுக் குளமும் கண்ணுக்கு முன்னால் கிடக்கும். மாலை வெயில் நேராக யானைகள் மேல் விழும். படம் எடுக்க அதைவிட வாகான இடம் இந்தக் கரையோரத்தில் எங்கும் இல்லை.

கடவைக்குத் தெற்கே, கட்டின் வெளிப்பக்கம், வயல். முதலாவது வயல் என் மச்சான் றஹீமுடையது. மச்சான் என்றால் சும்மா வாய்க்கு மச்சான் இல்லை, என் மனைவியோடு கூடப்பிறந்த தம்பி. அடுத்த வயல் வீரமுனைத் தம்பிராசா அண்ணனுடையது. இரண்டு வயலுக்கும் நடுவே ஒரு வரம்பு, ஒரு வாய்க்கால். அந்த வயல் வட்டையில் பதினொரு பேர் கூட்டாக யானைக் காவல் பார்த்தார்கள். ஒவ்வொரு நாளும் ஒருவருடைய முறை. முறைக்காரர் பரணில் இருப்பார், யானை வந்தால் மற்றவர்களைக் கூப்பிடுவார். யானை வெடி போடுவதற்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. காட்டுப்பக்கம்தான் விரட்ட வேண்டும். தன் வயலைக் காப்பாற்ற அடுத்தவன் வயலுக்குள் விரட்டிவிட்டால் அவனைக் காவல் கூட்டிலிருந்து தள்ளிவிடுவார்கள். அந்த இடத்தில் தனியே காவல் பார்த்து வயல் செய்ய எந்த மனிதனாலும் முடியாது. தள்ளிவிட்டால் வயலை விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

ஒரு வருடம் அறுவடைக் காலத்தில் கொழும்பிலிருந்து நால்வர் வந்தார்கள். ஒரு மிருக வைத்தியர், அவருடைய கணவர், அவருடைய இரண்டு சிநேகிதிகள். டொக்டருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். வாழ்நாள் முழுக்க நாய்க்கும் பூனைக்கும் ஊசி போட்ட பெண். வலியில்லாத மிருகத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று சொல்லித்தான் ஆறு நாள் விடுமுறை எடுத்து வந்திருந்தார். முதல் மூன்று நாளும் எனக்கு நேரம் சரியில்லை. பறவை பார்த்தோம், மான் பார்த்தோம், யானை லத்தி வேண்டிய அளவு பார்த்தோம். யானையின் வால்கூடக் கிடைக்கவில்லை. உங்களுக்குக் காக்கா என்றால் அவர்களுக்கு நான் நானா, இரண்டும் அண்ணன்தான். டொக்டரின் கணவர், "நானா, யானைக்கும் லீவா?" என்று மூன்றாம் நாள் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. நான் ரோசக்காரன், அது உங்களுக்குத் தெரியும்.

நான்காம் நாள் மாலை நேராகக் கடவைக்கு விட்டேன். ஜீப்பைக் குறுக்கே நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். அரை மணித்தியாலத்தில் கூட்டம் வந்தது. பதினெட்டு. இரண்டு குட்டிகள். எனக்குத் தலை கால் புரியவில்லை. இரண்டு கூட்டாளிமாருக்கு வட்ஸ்அப்பில் "ஓடி வாங்கடா, அள்ளிக் கொட்டுது" என்று அனுப்பினேன். அவர்களும் தங்கள் ஆட்களோடு வந்து என் ஜீப்புக்கு இரண்டு பக்கமும் நிறுத்தினார்கள். மூன்று ஜீப், கடவை நிறைந்துவிட்டது.

யானைகள் குடித்தன, குளித்தன, பிறகு எங்களைப் பார்த்து நடந்து வந்தன. அறுபது அடி இருக்கும், அங்கே நின்றன. நின்றது நின்றதுதான். முன்னால் வயதான ஒரு பெண் யானை தும்பிக்கையைத் தூக்குவதும், காலால் மண்ணைப் பிறாண்டுவதுமாக நின்றாள். சின்னக் குட்டி தாயின் கால்களுக்கு இடையில் நின்று எங்களை எட்டிப் பார்த்தது. ஒரு சிநேகிதி விம்மி விம்மி அழுதாள். டொக்டர் கமராவை மடியில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

"ஏன் நானா இப்பிடியே நிக்குதுகள்? எங்களைக் கண்டு அதுகளுக்குப் பயமில்லையா?"

"பயமா? அதுகளுக்கு ஒங்களைப் பிடிச்சிட்டுது டொக்டர். நல்ல மனிசரைக் கண்டா அதுகளுக்குத் தெரியும்."

என்ன ஒரு வாய் பாருங்கள்! இதைச் சொன்ன வாயை இன்றைக்கும் கழுவிக்கொண்டே இருக்கிறேன். மூன்று ஜீப்பிலும் கை தட்டினார்கள். ஒரு மணித்தியாலம் அப்படியே போயிற்று. பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் சத்தம் தூரத்தில் கேட்டபோது யானைகள் திரும்பிப் போயின. நாங்களும் புறப்பட்டோம். அன்று என்னைவிடச் சந்தோஷமான மனிதன் அம்பாறைக் கரையோரத்தில் இருந்திருக்க மாட்டான்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அவர்களை மறுபடி குளக்கட்டுக்குக் கூட்டிப்போனேன். காலடி வாசித்துக் காட்டுவது என்னுடைய தனிச் சரக்கு. முதல்நாள் பார்த்த யானைகள் பிறகு என்ன செய்தன என்பதை மண்ணைப் பார்த்துச் சொல்வேன். வருகிற ஆட்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். அன்றைக்கும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தொடங்கினேன்.

"இஞ்ச பாருங்க டொக்டர், இது முன்னுக்கு நிண்ட பெரியவ. அடியில வெடிப்பு வெடிப்பாக் கிடக்கு, வயசு போனவ. இது குட்டி, தாயை விட்டு அங்கால இங்கால போகல்ல. இந்த இடத்திலதான் நிண்டிருக்கு. மண்ணை எவ்வளவு பிறாண்டியிருக்கு பாருங்க. மறுகா இஞ்சால திரும்பி..."

சொல்லிக்கொண்டே நடந்தேன். அடிகள் கடவைக்கு வரவில்லை. என் ஜீப் டயர் தடத்துக்கு எதிரே அறுபது அடி தள்ளி நின்று, ஒன்றை ஒன்று சுற்றி, மண்ணைக் கிண்டிவிட்டு, கட்டின் ஓரமாகத் தெற்கே திரும்பியிருந்தன. அங்கே கட்டு செங்குத்து. அந்த வழியால் யானை ஏறி நான் ஒருநாளும் கண்டதில்லை. பெரியவள் முழங்காலை ஊன்றி ஏறியிருந்தாள். குட்டி சறுக்கி விழுந்து, மறுபடி ஏறி, மறுபடி சறுக்கிய தடம் புதிதாகக் கிடந்தது. கட்டின் மேல் ஏறி நின்று மறுபக்கம் பார்த்தேன். கீழே மச்சானுடைய வயல்.

தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்தேன்.

"பிறகு?" என்று டொக்டர் கேட்டார்.

"பொறகு... போயிட்டுதுகள்" என்றேன்.

அப்போதே கீழே இருந்து சத்தம் கேட்டது. றஹீம் வயலுக்கு நடுவில் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றான். முழங்கால் வரை சேறு.

"ரெண்டு ஏக்கர் மச்சான்! வந்து பாருங்க! நாளண்டைக்கு வெட்டு மெஷின் வாற. ரெண்டு ஏக்கர் உழக்கிக் கிடக்கு!"

நான் வாயைத் திறக்கு முன் அவன் வரம்புப் பக்கம் திரும்பிவிட்டான். அங்கே தம்பிராசா அண்ணன் தோளில் துவாயோடு நின்றார். முந்திய இரவு காவல் அவருடைய முறை.

"ஏன் அண்ணன் இப்பிடிச் செஞ்ச நீங்க? ஒங்கட வயல்ல ஒரு கதிர் சாயல்ல. என்ட வயல் மட்டும் கிடக்கிற கிடையைப் பாருங்க. வெடியைப் போட்டு இங்கால திருப்பி உட்டிருக்கீங்க!"

"நான் காட்டுப்பக்கம்தான் றஹீம் வெடி போட்டன். அதுகள் உன்ட வயலுக்க இறங்கினாப் பொறகுதான் போட்டன். உன்னையும் கூப்பிட்டன்தானே."

"இத்தின வருசத்துல கட்டால ஏறி யானை வந்திருக்கா? கடவையாலதானே போற! ஆரும் விரட்டாம இந்தக் கட்டுல ஏறுமா? சொல்லுங்க!"

தம்பிராசா அண்ணன் தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கீழே பார்த்தார்.

"அஸர் தொழுதாப் பொறகு மடையடியில கூட்டம். வட்டவிதானைக்கிட்டச் சொல்லிட்டன்" என்று றஹீம் சொன்னான். வட்டவிதானை என்றால் அந்த வயல்களுக்கெல்லாம் பொறுப்பானவர். அவர் சொன்னால் சொன்னதுதான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆட்களை ஏற்றிக்கொண்டு காலைச் சாப்பாட்டுக்குப் போனேன்.

அந்த நாளைப் பற்றி எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். மனதுக்குள் ஒரு பட்டியல் போட்டேன். வந்திருக்கிற ஆட்களுக்கு முன்னால் சொன்னால் என் மானம் போகும். றஹீமிடம் சொன்னால் வீட்டுக்குள் சண்டை வரும். வயற்காரர் கோபித்தால் எந்த ஜீப்பையும் குளத்துப் பக்கம் விடமாட்டார்கள், கூட்டாளிமாருக்கும் பிழைப்புப் போகும். நாளைக்குத் தனியாகச் சொல்லலாம். ஆட்கள் கொழும்புக்குப் போனபிறகு சொல்லலாம். எல்லாம் நல்ல நியாயங்கள். பதினொரு மணிக்கு மனைவி போனில் கூப்பிட்டாள்.

"தம்பி அழுறான். பாத்தீங்களா வயலை? அந்த மனிசன் இப்பிடிச் செய்வாரெண்டு ஆரு நினைச்ச!"

"ஓம். பாத்தன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மாலை நான்கு மணி. டொக்டரின் குழுவுக்கு அதுதான் கடைசி மாலை, மறுநாள் பயணம். நேற்றைய இடத்துக்கே போகவேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். கூட்டாளி ஒருவனின் குரல்பதிவு வந்தது: "காக்கா, இண்டைக்கும் கடவைதானே? நாலு ஜீப் வருது." பதில் போடாமல் வண்டியை எடுத்தேன். வயல் ரோட்டில் போகும்போது ஓரிடத்தில் பாதை பிரியும். வலது பக்கம் குளக்கட்டு, இடது பக்கம் மடை. மடையடியில் சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் நின்றன. பத்துப் பன்னிரண்டு பேர் தெரிந்தார்கள்.

பின்னால் இருந்து டொக்டர் கேட்டார். "நானா, காலையில அடி வாசிச்சிட்டுப் பாதியில விட்டுட்டீங்களே. நின்டதுக்குப் பிறகு அதுகள் என்னதான் செஞ்சிச்சு?"

அவர் சும்மா கேட்டார். சத்தியமாகச் சும்மாதான் கேட்டார். எனக்குத்தான் கால் பிரேக்கில் போயிற்று.

"டொக்டர், நான் நேத்துப் பொய் சொல்லிட்டன். வேணுமெண்டு சொல்லல்ல, ஆனாப் பொய். அதுகள் ஒங்களைப் பாத்துக்கிட்டு நிக்கல்ல. வழி விடுங்க எண்டு கேட்டுக்கிட்டு நிண்டதுகள். அதுகள் வீட்டுக்குப் போற வழியில நாமதான் மூணு ஜீப்பைப் போட்டுட்டம். ஒரு மணித்தியாலம் பாத்துட்டு, வேற வழியில்லாம அந்தக் கட்டால குட்டியையும் இழுத்துக்கிட்டு வயலுக்குள்ள இறங்கிட்டுதுகள். அதுக்கு அங்க இன்னொரு மனிசனைக் குற்றம் சொல்றாங்க. நான் போகணும்."

கணவருக்கு முகம் மாறிவிட்டது. "அப்ப இன்டைக்கு யானை இல்லையா?"

"யானை இருக்கும் சேர். நாமதான் அங்க இருக்க மாட்டம்."

"நாங்க இவ்வளவு தூரம் வந்ததே அதுக்குத்தானே!"

அவரிலும் பிழையில்லை. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். டொக்டர் கமராவைப் பைக்குள் வைத்தார். பிறகு, "இடது பக்கம் திருப்புங்க நானா" என்றார். திருப்புவதற்கு முன் கூட்டாளிமாருக்கு ஒரு குரல்பதிவு போட்டேன். அதில் நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. கடவையில் ஒரு ஜீப்புச் சில்லாவது பட்டால் அந்தச் சில்லைக் கழற்றிவிடுவேன் என்பதுதான் அதன் சாரம்.

நான் போய் இறங்கியபோது வட்டவிதானை குடையை ஊன்றிக்கொண்டு முடிவைச் சொல்லிக்கொண்டிருந்தார். "அப்ப வாற போகத்தில இருந்து தம்பிராசாவுக்குக் காவல்ல பங்கில்ல. வயல் செய்யிறதும் செய்யாததும் அவர்ர விருப்பம்." தம்பிராசா அண்ணன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார்.

"பொறுங்க" என்றேன். சத்தம் அதிகமாக வந்துவிட்டது. "அண்ணன் ஒண்டும் செய்யல்ல. செஞ்சது நான்."

"நீங்களா வெடி போட்ட?" என்று வட்டவிதானை கேட்டார்.

"வெடி இல்ல. ஜீப்பைப் போட்டன்."

எல்லாவற்றையும் சொன்னேன். கடவை, மூன்று ஜீப், அந்த ஒரு மணித்தியாலம், குட்டி சறுக்கிய தடம், காலையிலேயே எனக்கு விளங்கிவிட்டது என்பது, எல்லாம். கடைசியாகச் சொன்னதை மண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன். றஹீம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஒருவர் நம்பவில்லை. "வாகனம் நிண்டா யானை கட்டுல ஏறுமா? இந்தக் கதையெல்லாம் ஆருக்கு?" என்றார். அப்போது டொக்டர் ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார். "அந்த ஜீப்பில நானும் இருந்தன். கை தட்டினவங்களில நானும் ஒருத்தி" என்றார்.

"வாங்க, இப்பவே போய் அடியைப் பாப்பம்" என்று இரண்டு மூன்று பேர் புறப்பட்டார்கள். நான் குறுக்கே நின்றேன். "இப்ப போகாதீங்க. அதுகள் வாற நேரம். இஞ்ச நிண்டே பாருங்க."

நின்றோம். மடையடியிலிருந்து கடவை நல்ல தூரம். யானை வந்தால் கறுப்புப் புள்ளியாகத்தான் தெரியும். கடவையில் ஒரு ஜீப்பும் இல்லை, கூட்டாளிப் பிள்ளைகள் என் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள். வெயில் சாய்ந்தது. கணவர்கூடக் கமராவை எடுக்காமல் நின்றார். முதலில் ஒரு புள்ளி கட்டில் ஏறியது. பிறகு அதன் பின்னால் ஒவ்வொன்றாக. யாரோ மெதுவாக எண்ணத் தொடங்கினார், மற்றவர்களும் சேர்ந்து எண்ணினார்கள். பதினெட்டு. நேற்று ஒரு மணித்தியாலம் நின்ற கூட்டம் அன்று ஐந்து நிமிஷம்கூட எடுக்கவில்லை. ஒரு கதிரையும் மிதிக்காமல் அது பாட்டில் காட்டுக்குள் போய்விட்டது.

வட்டவிதானை குடையை விரித்தார், பிறகு எதற்கு விரித்தோம் என்று தெரியாமல் மடக்கினார். றஹீம் தம்பிராசா அண்ணனிடம் நடந்து போனான். மன்னிப்புக் கேட்கவில்லை, அவன் அப்படிக் கேட்கிற ஆளில்லை. "அண்ணன், மிதிபட்ட பக்கம் மெஷின் இறங்காது. நாளைக்குக் கதிர் வெட்டக் கத்தி கொண்டு வருவீங்களா?" என்றான்.

"ஓம். மகனையும் கூட்டி வாறன்" என்றார் அவர்.

என்னைத் தாண்டிப் போகும்போது றஹீம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் நானும் இரண்டு கூட்டாளிமாரும் வயலில் இறங்கினோம். ஜீப் ஓட்டிப் பழகிய கைக்குக் கத்தி பிடிபடுமா? பத்து மணிக்குள் கொப்புளம் வந்துவிட்டது. சேற்றில் கிடந்த கதிரைப் பொறுக்கிப் பொறுக்கிப் பாதிக்கு மேல் எடுத்துவிட்டோம். டொக்டர் பயணத்தைப் பின்னேரத்துக்குத் தள்ளிப்போட்டுவிட்டு வரம்பில் இருந்து எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். போகும்போது, "தூரத்தில பார்த்ததுதான் நானா எனக்கு யானை பார்த்தது" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் இரண்டு முறை வந்தார். றஹீம் ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்து, "ராத்தாவைப் பாக்க வந்தன்" என்றான், ராத்தா என்றால் அவன் அக்கா, என் மனைவி. ஒரே சஹனில் இருந்தோம். நடுவில் கிடந்த பெரிய இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, இறைச்சியில் உறைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

இப்போது அறுவடைக் காலத்தில் வயற்காரரே உங்களுக்கு அழைப்பு எடுத்து எங்கே நிறுத்தலாம், எங்கே கூடாது என்று சொல்கிறார்கள் அல்லவா? நீங்கள் அதைத் தொந்தரவு என்று முணுமுணுப்பது என் காதுக்கும் வருகிறது. அந்த அழைப்பு அந்த வருடம் தொடங்கியது. எந்தச் சட்டமும் கொண்டுவந்ததல்ல, மடையடியில் நின்று யானைகளை எண்ணிய ஆட்கள் கொண்டுவந்தது. யானை உங்களைப் பார்த்து நின்றால் கமராவைத் தூக்குமுன் ஒருமுறை உங்கள் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பாருங்கள். அது போக வேண்டிய இடம் அங்கே இருக்கலாம். பிழை விட்டுவிட்டால் ஜீப்பை உடனே எடுங்கள், வாயையும் உடனே திறவுங்கள். ஜீப்பை எடுப்பது இலேசு. மற்றது எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த போகத்தில் ஒருநாள் பின்னேரம் தம்பிராசா அண்ணனுடைய வயல் வாடிக்குப் போனேன். அவர் அந்த வயலைத்தான் செய்துகொண்டிருந்தார், பயிர் முழங்காலளவு நின்றது. நெடுநாளாகக் கேட்க நினைத்ததை அன்று கேட்டேன்.

"அண்ணன், அண்டைக்குப் பரண்ல இருந்து என்ட ஜீப்பைக் கண்ட நீங்கதானே?"

"ஓம் தம்பி. மூணு நிண்டிச்சு. நடுவுல உங்கட பச்சை ஜீப்."

"அப்ப ஏன் வாயைத் திறக்கல்ல?"

அவர் வாய்க்கால் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டே சொன்னார். "நான் சொன்னா றஹீம் கேப்பானா? தப்புறதுக்கு அவன்ட மச்சான்ல பழியைப் போடுறன் எண்டுதான் நினைப்பான். மறுகா அவன்ட ஆக்களும் அப்பிடித்தான் நினைப்பாங்க, என்ட ஆக்கள் வேற மாதிரி நினைப்பாங்க. அது எங்க போய் முடியுமெண்டு நமக்குத் தெரியாதா தம்பி? ஒரு வாய்க்கால்ல தண்ணி எடுக்கிற ஆக்கள் நாம."

"அதுக்காக வயலை விட்டுட்டுப் போகவா இருந்தீங்க?"

"மண்வெட்டியைக் கழுவிச் சைக்கிள்ல கட்டிட்டுத்தான் கூட்டத்துக்கு வந்தன்" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஆனா காலையிலயே உங்கட முகத்தைப் பாத்தன்தானே. உங்களுக்கு விளங்கிட்டுது எண்டு தெரியும். வருவீங்க எண்டுதான் இருந்தன். கொஞ்சம் சுணங்கிட்டீங்க, அவ்வளவுதான்."

காலை ஆறரை மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை, செய்யாத குற்றத்தைச் சுமந்துகொண்டு அந்த மனிதர் என்னைப் பார்த்திருந்தார். அதைத்தான் அவர் கொஞ்சம் என்றார்.